ஊர் ஈசலா, பண்ணைச் சுவர்க்கோழியா?

சிங்கப்பூரில் 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்கலாம் என்று 2024 ஜூலையில் அனுமதி வந்தது. செய்தியைப் போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, நம்ம ஊரு ஈசல் அதுல இருக்கா?"

இல்லை. சுவர்க்கோழி (ராத்திரியில் கிறீச்சிடும் பூச்சி), வெட்டுக்கிளி, மாவுப்புழு, பட்டுப்புழு எல்லாம் உண்டு, ஈசல் இல்லை. காட்டில் பிடித்ததை விற்கவே கூடாது, பண்ணையில் வளர்த்ததாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நான் உணவு அறிவியல் படித்தவள். அந்த விதி ஏன் வந்தது என்று புரிந்தாலும், ஈசலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தாய்லாந்துப் பண்ணையின் சுவர்க்கோழிப் பொடி ஒரு பாக்கெட் வாங்கினேன். ஊருக்குப் போனபோது ஈசலும் தின்றேன். இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது பொடிதான்.

ருசியில் ஈசலுக்குத்தான் முதலிடம், அதில் பேச்சே இல்லை. மழை விட்ட ராத்திரி, விளக்கடியில் தண்ணீர் வைத்த அண்டாவில் வந்து விழும். காயவைத்து, முறத்தில் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். வெறும் சட்டியில் வறுத்தால் அதன் கொழுப்பிலேயே மினுங்கும். பொரி அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்த்து அள்ளினால் கை நிற்காது. பொடியில் அந்தச் சுகம் கிடையாது. வறுகடலை வாசனை, அதற்கடியில் லேசாகக் கருவாடு. கோதுமை மாவில் கொஞ்சம் கூடிப்போனாலும் சப்பாத்தி ஓரம் வெடிக்கிறது. சத்து இரண்டிலும் உண்டு, விலையில் ஈசலுக்குச் செலவே இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: அந்தப் பூச்சி எங்கே இருந்தது, எதைத் தின்றது?

ஈசல் கரையானின் இறக்கை முளைத்த பருவம். கரையான் விவசாயிக்குப் பகை. கரும்பிலும் கடலையிலும் கரையானுக்கென்றே குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை ஊற்றுகிறார்கள். புற்றைக் கண்டாலே மருந்து ஊற்றுபவர்களும் உண்டு. அதே மண்ணிலிருந்துதான் மழைக்கு ஈசல் எழும்புகிறது. இது வெறும் பயமில்லை. குவைத்தில் 1988-89இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது, சந்தைக்கு வந்த வெட்டுக்கிளிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது. கலிபோர்னியாவின் மான்டரே பகுதியில் 2000க்குப் பிறகு குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியதைத் துருவிப் பார்த்தபோது, மெக்சிகோவின் ஓஹாகாவிலிருந்து வந்த காய்ந்த வெட்டுக்கிளியும் ஒரு காரணமாகத் தெரிந்தது. ஈயம் எவ்வளவு வறுத்தாலும் போகாது. வாசனை, நிறம் எதிலும் காட்டிக்கொடுக்காது. பண்ணைச் சுவர்க்கோழிக்கு என்ன தீவனம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. வயல் ஈசலுக்கு யாரைக் கேட்பது?

அப்புறம் கிருமி. இதில் பண்ணைப் பூச்சியும் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். குடலோடு முழுசாகத் தின்கிறோம், அதனால் குடலில் உள்ளதும் சேர்ந்தே வருகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் மாவுப்புழுவையும் சுவர்க்கோழியையும் வைத்துப் பார்த்தார்கள். சில நிமிடம் கொதிக்கவைத்தால் குடல் பாக்டீரியாக்கள் போய்விடுகின்றன. வறுப்பது மட்டும் போதவில்லை. கொதிக்கவைத்தாலும் பாக்டீரியாவின் விதைபோன்ற ஸ்போர்கள் மட்டும் தப்பிக்கின்றன. ஐரோப்பிய விதி சுவர்க்கோழிப் பொடியில் 5 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்பது இதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காய்ந்திருக்கும்வரை ஸ்போர் தூங்கும், ஈரம் பட்டால் எழும்பும். பொடி கலந்த மாவை நான் மறுநாளுக்கு வைப்பதில்லை. பிசைந்ததும் சுட்டுவிடுகிறேன்.

ஈசலிலும் ஈரம்தான் சிக்கல். கென்யாவில் பிளாஸ்டிக் பையில் அடைத்துப் பயணத்தில் கொண்டுபோன கரையானைத் தின்றவர்களுக்கு பொட்டுலிசம் என்ற, உயிரைப் பறிக்கக்கூடிய உணவு நஞ்சு நோய் வந்தது 1980இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஊரிலிருந்து ஈசலைப் பையில் கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நன்றாக வறுத்து, ஆறவிட்டு, ஈரம் புகாத டப்பாவில் கொடுங்கள்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். இறாலில் ஒவ்வாமை தரும் டிரோபோமயோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. என் கணவருக்கு இறால் ஆகாது, அதனால் அவருக்குத் தனி மாவு, தனிக் கிண்ணம்.

பொடி எங்கள் வீட்டில் ஒரு வருஷப் பழக்கம்தான், அதுவும் வாரத்துக்கு ஒருமுறை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அனுபவம் எனக்கில்லை. தாய்லாந்தில் சுவர்க்கோழிப் பண்ணைக்கென்று 2017லேயே தர விதிமுறை வந்துவிட்டது. நான் வாங்குகிற பாக்கெட்டில் பண்ணையின் பெயரையும் தயாரித்த தேதியையும் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கோயில் மேட்டுப் புத்துல யாரும் மருந்து ஊத்த மாட்டாங்க, பக்கத்துல வயலும் இல்ல" என்றார். அடுத்த மழைக்கு அங்கே மட்டும்தான் அண்டா வைப்பாராம். கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் வேகவைத்த பிறகு வறுக்கச் சொல்லியிருக்கிறேன்.