மழை அறியாத டைமர்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

"குழாய் டைமர் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா அக்கா?" சிங்கப்பூர் தேக்காச் சந்தையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது தோழி கேட்டாள். குழாயில் மாட்டிவிட்டால் குறித்த நேரத்தில் தானாகத் திறந்து செடிக்குத் தண்ணீர் விட்டு மூடிக்கொள்ளும் கருவியைத்தான் சொல்கிறாள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது.

எங்கள் தரைவீட்டின் பின்புறத்தில் பன்னிரண்டு தொட்டிகள்: வெண்டை, கத்தரி, மிளகாய், கங்கோங் கீரை. தொட்டிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர் விடுவது. டைமர் திறப்பது காலை 7, மாலை 6, வேளைக்கு 15 நிமிடம். ஆக அரை லிட்டர். நீர் நேராக வேருக்குப் போவதால் மண் தெறித்து இலையில் புள்ளி விழுவது குறைந்தது.

சென்ற பிப்ரவரியில், இங்கே மழை குறைந்த மாதத்தில், பத்து நாள் தஞ்சாவூர் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கத்தரியில் ஓர் இலைகூடத் துவளவில்லை. மூன்று ஊதாப் பூக்கள் விரிந்திருந்தன. டைமர் பெட்டியைத் தூசு தட்டித் துடைத்து வைத்தேன்.

ஆனால் அதற்கு மழை தெரியாது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது! டிசம்பரில் பிற்பகல் முழுக்கக் கொட்டி, தொட்டி ததும்பி நிற்கும். ஆறு மணிக்கு 'டக்'கென்று வால்வு திறக்கும். தட்டில் நீர் தேங்கினால் கொசு, டெங்கிப் பயம் வேறு. மூன்று மிளகாய்ச் செடிகளை வேரழுகலுக்குக் கொடுத்தேன். பிடுங்கியபோது வேர் பழுப்பு நிறத்தில் குழைந்திருந்தது. விரலால் இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது.

மழைக்கு நிறுத்திவைக்கப் பொத்தான் உண்டு. 24 மணி நேரம் நிறுத்தும். அதை அழுத்தக் குடை பிடித்துக்கொண்டு நான்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகிறவள் மண்ணில் விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் கையாலேயே ஊற்றிவிட மாட்டேனா?

போன வாரம் வால்வு மூடாமல் இரவெல்லாம் ஒழுகியது. கழற்றினேன்: ரப்பர்ச் சவ்வுக்கு அடியில் குருணை அளவு ஒரு மணல். கழுவி மாட்டியதும் சரியாகிவிட்டது. இதில் டைமர் மேல் குற்றம் இல்லை; வடிகட்டியை மாதக்கணக்கில் கழுவாதது நான்.

ஊருக்குப் போகும் நாள்களில் இதைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்காது. இருந்தாலும் சொல்கிறேன்: வாங்காதே, தங்கச்சி. அந்தக் காசுக்கு நல்ல பூவாளி ஒன்று வாங்கு.

வானம் கறுத்துவிட்டது. மணி ஐந்தே முக்கால். பொத்தானை அழுத்தப் போகிறேன்.