டர்பன் வெயிலில் கடல் குதிரை: சில்லரா, மின்விசிறியா, ஏசியா?

கடல் குதிரைக்குத் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், முதலில் விசாரிப்பது விளக்கைப் பற்றியும், கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரைப் பற்றியும்தான். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளில் ஜனவரிக் கோடை மதியம் கூடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், காசை முதலில் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். தண்ணீரைக் குளிர வைப்பதற்கு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வீட்டில் வளர்க்கிற வெப்பமண்டல வகைகளான ரெய்டி, எரெக்டஸ், கூடா போன்றவை கடலில் 27, 28 டிகிரியிலும் வாழ்கின்றன, அப்படியிருக்கத் தொட்டியில் மட்டும் ஏன் 22 முதல் 24 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள் என்று பலர் குழம்புகிறார்கள். கடலில் கழிவு ஓரிடத்தில் தங்குவதில்லை. தொட்டியிலோ மிச்சமான இறாலும் எச்சமும் அங்கேயே கிடந்து அழுகும், அதில் விப்ரியோ வகை பாக்டீரியா பெருகும், தண்ணீர் சூடேறச் சூடேற அது பெருகும் வேகமும் கூடும். கடல் குதிரைக்குச் செதில் கிடையாது, எலும்பு வளையங்களின் மேல் மெல்லிய தோல் மட்டும்தான். நோய் வந்தால் அந்தத் தோலில் வெளிறிய திட்டுகள் விழும், மூக்கோ வால் நுனியோ அரிக்க ஆரம்பிக்கும், பிறகு அதைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆகவே 24 என்பதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல் எல்லைக்கோடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்று வழிகள். மின்விசிறிதான் மலிவு. தண்ணீர் மேற்பரப்பில் காற்று அடித்தால் நீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பர்கள் இதை வைத்தே மூன்று நான்கு டிகிரி இறக்கிவிடுகிறார்கள், அங்கே காற்று காய்ந்த காற்று. டர்பனில் கோடை என்றால் சட்டை முதுகில் ஒட்டும் ஈரப்பதம், காற்றில் ஏற்கனவே அவ்வளவு நீர் இருக்கும்போது தொட்டித் தண்ணீர் எங்கே ஆவியாகும்? 30 டிகிரியில் இருப்பதை 28க்குக் கொண்டுவரலாம், கடல் குதிரைக்கு அது போதாது. அதுவும் போக, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும், தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி ஈடுகட்டவில்லை என்றால் உப்படர்த்தி ஏறிக்கொண்டே போகும். காய்ந்த காற்று வீசும் ஊர்க்காரர்கள் மின்விசிறி வாங்கலாம். கரையோரத்தில் இருப்பவர்கள் அந்தப் பணத்தைச் சேர்த்து வைக்கலாம்.

சில்லர் என்பது சின்ன குளிர்பதனப் பெட்டி மாதிரியான சமாச்சாரம், பம்ப் தண்ணீரை உள்ளே அனுப்பும், தெர்மோஸ்டாட் நாம் வைத்த அளவில் அதை நிறுத்தும். 23 என்று வைத்தால் இரவும் பகலும் 23தான், இந்த நிலைத்தன்மைக்கு வேறு எதுவும் ஈடில்லை. ஆனால் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் சில டிகிரி இறக்குவதற்கான கணக்கு, நமக்கோ 31லிருந்து 23க்கு வர வேண்டும், அதனால் ஒரு படி பெரிய அளவாக வாங்குங்கள். இரண்டாவது, தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது பின்பக்கமாக அறைக்குள்தான் கக்கும். அழகுக்காகத் தொட்டிக்குக் கீழே அலமாரியில் அடைத்துக் கதவைச் சாத்தினால் தன் சூட்டையே தான் உறிஞ்சி நிற்காமல் ஓடும், மின்கட்டணமும் எகிறும், கம்ப்ரஸரும் சீக்கிரம் போய்விடும்.

மூன்றாவது ஏசி. எப்படியும் ஓர் அறையில் நாள் முழுக்க ஏசி ஓடுகிறது, வயதானவர்களோ கைக்குழந்தையோ அந்த அறையில் இருக்கிறார்கள் என்றால், தொட்டியை அங்கேயே வைப்பது புத்திசாலித்தனம். பம்புகளின் சூட்டால் தண்ணீர் அறையைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடவே இருக்கும், ஆக அறை 22 என்றால் தொட்டி 23, 24. தொட்டிக்காக மட்டும் ஏசி போடுவதென்றால் சில்லரே லாபம். வாரக்கடைசியில் ஊருக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் ஏசியை அணைத்துவிட்டுப் போகிற வீடு என்றாலும் சில்லர்தான்.

கரண்ட் போனால்? 2023இல் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இருந்த இருப்புக்கு இப்போது எவ்வளவோ தேவலை, 2024 மார்ச்சுக்குப் பிறகு பெருமளவு நின்றுவிட்டது. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று அரை நாள் இருட்டில் உட்காருவது நமக்குப் புதிதில்லை. சில்லரை இன்வெர்ட்டரில் ஓட்டப் பார்க்காதீர்கள், பேட்டரியை விழுங்கிவிடும். நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, தொட்டியைச் சுற்றிக் கெட்டித் துண்டு போர்த்தினால் இன்னும் தாங்கும். அதற்குள் ஆக்சிஜன்தான் குறையும், எனவே பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். (குளிர்காலத்துக்கு ஒரு சின்ன ஹீட்டரும் தேவைப்படும், ஜூலை இரவுகளில் தண்ணீர் 20க்குக் கீழே போகலாம். ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூண்டு போடாமல் விடாதீர்கள், கடல் குதிரை கிடைத்த தண்டில் வாலைச் சுற்றும், சூடு உறைத்தாலும் விடாது.)

ஏற்கனவே பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலேயே இரண்டு கடல் குதிரை விடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். பவளத்துக்குப் பிடித்தது 25, 26 டிகிரியும் வேகமான நீரோட்டமும், கடல் குதிரைக்கு இரண்டுமே ஒத்துவராது. அங்கே இருக்கும் அனிமோனி (கடல் சாமந்தி) கொட்டும். கிளௌன் மீன் பாய்ந்து பாய்ந்து தின்று முடித்த பிறகுதான் கடல் குதிரை இரையைப் பார்த்து யோசிக்கவே ஆரம்பிக்கும். தனித் தொட்டி, அதுவும் உயரமான தொட்டி. வால் நீட்டிய உடல் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரம் என்பது பொதுவான கணக்கு, 45 செ.மீ.க்குக் குறையவே கூடாது. ஜோடி சேரும்போது இரண்டும் வாலைப் பின்னிக்கொண்டு மேலே எழும்பும், அந்த ஏற்றத்தில்தான் பெண் முட்டைகளை ஆணின் பைக்குள் விடும், தாழ்ந்த தொட்டியில் இது சரியாக நடக்காமல் முட்டைகள் தரையில் சிந்திவிடும். கடைகளில் பளபளவென்று நிற்கும் சதுர நானோ பெட்டிகளில் பல இந்த உயரக் கணக்கிலேயே தோற்றுவிடுகின்றன.

லைவ் ராக்கா (கடல் உயிரிகள் ஒட்டிய பாறை), காய்ந்த பாறையா என்றால் காய்ந்த பாறை. லைவ் ராக்கோடு ஹைட்ராய்டு, ஐப்டேசியா என்ற சின்ன உயிரிகளும் ஒட்டிக்கொண்டு வரும், இரண்டும் கொட்டக்கூடியவை. காய்ந்த பாறையில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். விளக்கு எதுவானாலும் சரி, பவளம் இல்லாத இடத்தில் விலை உயர்ந்த விளக்குக்கு வேலையே இல்லை.

தண்ணீர் விஷயம்தான் டர்பன்காரர்களிடையே பெரிய வாக்குவாதம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, கேன் எடுத்துப் போய் மொண்டு வந்தால் ஆயிற்று என்பது ஒரு கட்சி. நம் கிழக்குக் கரையோரம் ஓடும் அகுல்லாஸ் நீரோட்டம் கொண்டுவரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் மொள்ளுவது நடுக்கடலில் இல்லை, கரையில். 2021 ஜூலை கலவரத்தின்போது கார்னூபியாவில் ரசாயனக் கிடங்கு எரிந்து விஷம் ஓலாங்கா ஆற்றில் இறங்கி, கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போனது, மீன்கள் செத்து ஒதுங்கின. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் உடைந்து, ஈ.கோலை அளவு ஏறியதால் கடற்கரைகளையே மூடினார்கள். பெருமழை பெய்த மறுநாள் உம்கேனி ஆற்று முகத்துக்குப் போனால் கடல் எவ்வளவு தூரத்துக்குச் செம்மண் நிறத்தில் கிடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். தோலில் செதிலும் இல்லாமல், பாக்டீரியாவுக்கு இவ்வளவு சுலபமாக ஆட்படுகிற ஒரு பிராணிக்கு இந்தத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

கலவை உப்புக்குச் செலவு உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 150 லிட்டர் தொட்டியில் வாரம் 30 லிட்டர் மாற்றினால் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலாக உப்பு. ஆர்ஓ தண்ணீரில் உப்பைப் போட்டு, ஒரு சின்ன பம்பால் ஒரு நாள் சுழலவிட்டு, உப்படர்த்தி அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.024, 1.025 காட்டியதும் ஊற்றலாம்.

சரி, எந்தக் கடல் குதிரை? நம் நாட்டுக்கே உரிய நைஸ்னா கடல் குதிரையைக் கேட்பவர்கள் உண்டு. நைஸ்னா, ஸ்வார்ட்ஃப்ளே, கியூர்பூம்ஸ் என்று தெற்குக் கரையின் ஒரு சில கழிமுகங்களைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை, அழியும் நிலையில் உள்ள இனம், அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒன்று: இந்தியாவில் எல்லாக் கடல் குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்திரேலியாவின் பானை வயிற்றுக் கடல் குதிரை கம்பீரமானது, 30 செ.மீ.க்கு மேலும் வளரும், ஆனால் அதற்கு 20 டிகிரிக்குக் கீழே வேண்டும், டர்பனில் அது வீண் வம்பு.

மிச்சம் இருப்பது பண்ணையில் பிறந்த ரெய்டியோ எரெக்டஸோ. கடலில் பிடித்த கூடா விலை குறைவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடுங்கள். வரும்போதே ஒட்டுண்ணியோடு வரும், உயிருள்ள இரையைத் தவிர எதையும் தொடாது, வழியிலேயே பாதி தளர்ந்திருக்கும். 2004இலிருந்து உலகம் முழுக்கக் கடல் குதிரை வணிகம் சைட்டிஸ் என்ற உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டின் கீழ் வருகிறது, ஆகவே இறக்குமதி ஆனதா, எங்கே பிறந்தது, காகிதம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

காகிதத்தைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு: உறைந்த மைசிஸ் இறாலை உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். ஆரோக்கியமான குதிரை ஒரு கண்ணை இறாலின் மேலும் மறு கண்ணை உங்கள் மேலும் வைத்தபடி மெதுவாகத் தலையைத் தாழ்த்தும், அப்புறம் சட்டென்று ஓர் உறிஞ்சு. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் அந்த 'டிக்' சத்தமே காதில் விழும். சத்தம் கேட்காத குதிரையை, எவ்வளவு அழகான மஞ்சள் நிறமாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

உயிருள்ள ஆர்ட்டீமியாவா (உப்புநீர் இறால்) உறைந்த மைசிஸா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்து குறைவு, ஊட்டமேற்றிக் கொடுக்க வேண்டும், நோயில் கிடக்கும்போது பசியைத் தூண்ட உதவும், அவ்வளவுதான். அன்றாடத்துக்கு மைசிஸ். கடல் குதிரைக்கு இரைப்பை இல்லை, தின்றது சீக்கிரம் வெளியே போய்விடும், அதனால் ஒரே வேளையாகக் கொட்டாமல் நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் மதிய வேளைக்கு யார் போடுவார்கள் என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. ஒரு சிப்பியிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ இரையை விட்டால் இரண்டு வாரத்தில் அந்த இடத்துக்கே வந்து நிற்கப் பழகிவிடும், மிச்சத்தை அரை மணி நேரத்தில் குழாயால் உறிஞ்சி எடுப்பதும் சுலபம்.

தொட்டி நிற்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் வீடுகளுக்கென்றே. ஏர் பம்பும் ஸ்கிம்மரும் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகின்றன. சாமி அறையின் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திப் புகையும் அதோடு போகும். கொசு மருந்து அதைவிட மோசம், பைரெத்ராய்டு உள்ள ஸ்பிரே மீன்களுக்குக் கொடிய விஷம். ஆகவே பூஜை அறைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்துவிடுங்கள்.