அம்மாவின் தலைமாட்டில் ஒரு ஆடியோ பைபிள்: ஆறு கீமோவுக்குப் பிறகு எழுதுகிற விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெரிய கம்பெனிப் பொருள் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன ஸ்பீக்கர், அதற்குள் ஒரு மெமரி கார்டு, கார்டில் தமிழ் வேதாகமம் முழுவதும், ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை 66 புத்தகம், 1189 அதிகாரம். கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே காலண்டரும் வசன அட்டையும் விற்கிற கடைகளில் இந்த மாதிரிப் பெட்டி நாலைந்து பெயர்களில் கிடைக்கும். நான் வாங்கியதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. அதுவுமில்லாமல் பெயர்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒரே போர்டுதான் அண்ணே என்று எங்கள் தெரு ரிப்பேர் கடைத் தம்பி சொல்கிறான். விலை 1,850 ரூபாய். பேரம் பேசினால் குறைத்திருப்பார்கள், அன்றைக்குப் பேசுகிற மனநிலையில் நான் இல்லை.

அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ, மொத்தம் ஆறு தடவை. அம்மா பாளையங்கோட்டைக்காரி, ரிட்டையர் ஆன தமிழ் டீச்சர், பைபிள் வாசிக்காமல் காலைக் காப்பி குடிக்க மாட்டாள். அதனால் முதலில் பெரிய எழுத்து வேதாகமம்தான் வாங்கிக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் அருமை, கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம், ஆனால் படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டும், அத்தனை கனம். அதைக்கூடச் சமாளித்திருப்போம். மூன்றாவது கீமோவுக்குள் பாக்லிடாக்ஸல் மருந்து அவள் விரல் நுனிகளை மரக்கடித்துவிட்டது. பைபிள் தாள் எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்கே தெரியும். ஒன்றைத் திருப்பப் போனால் பத்து சேர்ந்து வரும், சங்கீதத்தில் இருந்தவள் நீதிமொழிகளில் போய் நிற்பாள். ஒருநாள் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "தாளு இருக்கதே தெரியலய்யா" என்றாள். மறுநாள் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். குரல் நன்றாக இருக்கிறது, ரொம்பவே நன்றாக. ஒரே ஆண் குரல், பிரசங்க முழக்கம் கிடையாது, பின்னணியில் மழைச் சத்தம் வயலின் எதுவும் கிடையாது, பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. இப்போது நாடகம் போல ஆளுக்கொரு குரல், இடி, குதிரைக் குளம்படி எல்லாம் சேர்த்தும் பதிவுகள் வருகின்றன. வீட்டில் பிள்ளைகளுக்கு அது பிடிக்கலாம். ஆஸ்பத்திரி வார்டுக்கு வேண்டாம், நம்புங்கள்.

அதோடு நல்லது முடிந்தது. மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல். ஆன் செய்தவுடன் ஒரு வெளிநாட்டுப் பெண் குரல் "புளூடூத் மோட்!" என்று கத்தும், அதன் சத்தத்தை மட்டும் குறைக்க முடியாது. முதல் நாள் ராத்திரி வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. நீல விளக்கு ஒன்று நிற்காமல் மின்னும், நர்ஸிடம் ஒரு துண்டு பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். 12 மணி நேரம் பாட்டரி நிற்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது, ஆறைத் தாண்டியதில்லை. சார்ஜ் போடுகிற ஓட்டை பழைய மாடல், அதற்கென்று ஒரு ஒயரைத் தனியாகச் சுமக்க வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய குறை, நிறுத்திய இடத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எங்கே நிறுத்தினாலும் திரும்ப ஆன் செய்தால் "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். இத்தனை நாளில் உலகம் எங்கள் கட்டிலில் எத்தனை தடவை படைக்கப்பட்டது என்று கணக்கே இல்லை. அதனால் புத்தக எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. யோபு 18, சங்கீதம் 19, யோவான் 43, ரோமர் 45. எண்ணை அழுத்தி, பிறகு அதிகார எண்ணை அழுத்த வேண்டும். பொத்தான்கள் மிளகு சைஸ். விரல் மரத்தவர்களால் முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான்தான். கீமோவுக்கு முன்னால் ஒவ்வாமை வராமலிருக்க ஸ்டீராய்டு போடுவார்கள். அது உடம்பில் இருக்கிற வரை தூக்கம் கிட்டத்தில் வராது. ஆக கீமோ அன்று ராத்திரி முழுக்க அம்மா விழித்திருப்பாள், நானும்.

நாலாவது தடவை. அன்று சாயங்காலம் ஒரு ஊழியக்காரர் பார்க்க வந்திருந்தார். ஜெபம் எல்லாம் பண்ணிவிட்டுப் போகிறபோது, "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கம்மா, விசுவாசம் இருந்தா சுகம் நிச்சயம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கேட்டாள்: "ஏய்யா, நான் பரலோகம் போவேனா?"

நாற்பது வருடம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தவள், ஓய்வுநாள் பள்ளியில் எனக்கே மனப்பாட வசனம் சொல்லிக் கொடுத்தவள். இரட்சிப்பின் நிச்சயம், அதாவது செத்தால் பரலோகம்தான் என்கிற உறுதி, எங்கள் சபைகளில் மேடைக்கு மேடை கேட்கிற வார்த்தை, ஞானஸ்நானம் எடுத்த பையனிடமும் கேட்பார்கள், உனக்கு நிச்சயம் இருக்கிறதா என்று. கேள்வி தப்பில்லை. உடம்பு நன்றாக இருக்கிறபோது "இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். வாய்க்குள் புண்ணும் கையில் ஊசியுமாக இருக்கிறபோது உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றும் அகப்படுவதில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 45 அழுத்தி, 8 அழுத்தினேன்.

ரோமர் என்பது அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய கடிதம், அதன் எட்டு எங்கள் சபைகளில் எல்லாருக்கும் தெரிந்த அதிகாரம். கல்யாண வாழ்த்து, கல்லறைக் கல் எல்லாவற்றிலும் அதிலிருந்து ஒரு வரி இருக்கும். ஆனால் வரி வரியாகப் பிய்த்து வாசிப்பதும் 39 வசனத்தையும் ஒரே மூச்சில் இருட்டில் கேட்பதும் வேறு வேறு. அதில் எவ்வளவு முனகல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். சிருஷ்டி தவிக்கிறது, நாமும் உள்ளத்தில் தவிக்கிறோம், ஆவியானவரும் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார். மூன்று பேரும் முனகிய பிறகுதான் ஜெயம் பற்றிய பேச்சே வருகிறது. "இக்காலத்துப் பாடுகள்" என்று வந்தபோது அம்மா லேசாகச் சிரித்தாள். பாடு என்பது வேதாகமத்துக்கு மட்டும் சொந்தமான வார்த்தை இல்லையே, நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும் என்று தெருக் குழாயடியிலும் சொல்கிறோம்.

"பசியோ, நிர்வாணமோ, நாசமோசமோ, பட்டயமோ?" கடந்து, கடைசியில் "பிரிக்கமாட்டாதென்று நிச்சயித்திருக்கிறேன்" என்று முடிந்தது. அம்மா சொன்னாள், "பவுலுக்குச் சரி. எனக்கு?"

திரும்பப் போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிகிற இடத்தில் கையை உயர்த்தினாள், வகுப்பில் பையனை நிறுத்துவது போல. "'நம்மை'ன்னு போட்டிருக்கான் பாத்தியா. 'எங்களை'ன்னு போடல."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு அவளே விளக்கினாள். எங்களை என்றால் பவுலும் அவர் கூட இருந்தவர்களும் மட்டும், கேட்கிறவன் வெளியே. நம்மை என்றால் கேட்கிறவனும் உள்ளே. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பாடம் நடத்தியவள் அல்லவா. கிரேக்கத்தில் இந்த வித்தியாசமே கிடையாது, ஒரே சொல்தான், ஆகத் தமிழில் பெயர்த்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருந்திருக்கிறது. அதே பவுல் இரண்டாம் கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் தன் கஷ்டத்தைச் சொல்கிறபோது "ஆசியாவில் எங்களுக்கு நேரிட்ட உபத்திரவத்தை" என்கிறார். பாடு சொல்கிற இடத்தில் எங்களுக்கு, அன்பு சொல்கிற இடத்தில் நம்மை. இதையும் அம்மாதான் சொன்னாள், விடியற்காலை நாலு மணிக்கு, குரல் கம்மிப்போய். அவள் விசுவாசம் பலமாகிவிட்டது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அவள் தன் உள்ளே தேடுவதை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பார்க்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். அதில் அவள் பெயர் இருந்தது, அவள் பிடித்துக்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். பிறகு கொஞ்சம் தூங்கினாள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் இப்படித்தான் என்று பிறகு ஞாபகம் வந்தது. குருப்பட்டம் பெற்று, ஜார்ஜியாவில் ஊழியம் செய்து, மனம் வெறுத்துத் திரும்பியவர். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போகிறார். அங்கே யாரோ ரோமருக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்கிறார்கள், ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கிறபோது தன் இருதயம் அனலானதாகவும் நிச்சயம் கிடைத்ததாகவும் எழுதுகிறார். இதைப் பிரசங்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். எட்டு மாதம் கழியுமுன்னே, 1739 ஜனவரியில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று அதே மனிதர் தன் நாட்குறிப்பில் எழுதியதை ஏனோ சொல்வதில்லை. அனல் வரும், போகும். அம்மாவுக்கு அடுத்த கீமோவில் திரும்பவும் அதே பயம் வந்தது, திரும்பவும் 45, 8.

விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியின் பெரிய நல்ல குணம், அது தாண்டிப் போகாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சங்கீதம் 23, 91, 121 என்றே வாசிப்பார்கள், 88 பக்கம் யாரும் போவதில்லை. அது ஆறுதல் வசனமே இல்லாமல் "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிற பாட்டு. பெட்டிக்கு நாகரிகம் தெரியாது, 87 முடிந்தால் 88. ஒருநாள் மத்தியானம் அது ஓடி முடிந்ததும் பக்கத்துக் கட்டில் அக்கா, சங்கரன்கோவில் பக்கம், கோமதியம்மன் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பவர், எழுந்து உட்கார்ந்து, "யாரு தம்பி இது, இப்படி அழுறது?" என்று கேட்டார். பைபிள்ல உள்ள பாட்டுக்கா என்றேன். "சாமிகிட்ட இப்படியெல்லாம் கேக்கலாமா?" என்றார். கேட்டிருக்காங்களே என்றேன்.

அந்த ஊழியக்காரர் திரும்பவும் வந்தார். அம்மா என்னிடம் கண்ணைக் காட்டி "18 போடுய்யா" என்றாள். நீ செய்த பாவம்தான் இந்தத் துன்பத்துக்குக் காரணம் என்று பிறகு குற்றம் சாட்டப்போகிற யோபுவின் சிநேகிதர்கள் முதலில் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடம் வந்தபோது, "அதுவரைக்கும் நல்லவங்கதான்" என்றாள். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, ஜெபம் சுருக்கமாக இருந்தது.

இயந்திரத்துக்கு ஐந்துக்கு இரண்டு. குரலுக்கு ஐந்து. ஸ்மார்ட்போன் பழகிய நோயாளி என்றால் இதை வாங்காதீர்கள், இலவச ஆப்களிலேயே தமிழ் ஆடியோ இருக்கிறது, நிறுத்திய இடத்திலிருந்தும் போகும். போன் பிடிக்காத, பழகாத வயசானவர்களுக்கு வாங்கலாம். வாங்கினால் பெட்டியோடு ஒரு பிளாஸ்டரும், எண்கள் எழுதிய அட்டையும், ஒரு இயர்போனும் சேர்த்து வையுங்கள்.

ஆறும் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் ஸ்கேன். போன வாரம் சங்கரன்கோவில் அக்கா போன் பண்ணினார். அவருக்கு இன்னும் இரண்டு கீமோ பாக்கி. நலம் விசாரித்துவிட்டு, அந்த அழுகைப் பாட்டு என்ன நம்பர் தம்பி என்று கேட்டார். 19, அப்புறம் 88 என்றேன். பெட்டி இல்லையே என்றார். அந்த ஒரு ஃபைலை மட்டும் அவர் மகன் வாட்ஸப்புக்கு அனுப்பிவைத்தேன்.