யூதர் மும்பை நடை: கதைக்காகப் போகலாம்

மாட்டுங்காவிலிருந்து நானும் மச்சானும் ஞாயிறு காலை, மும்பையின் யூத இடங்களைக் கைடோடு நடந்து பார்க்கும் இந்த நடைக்குப் போனோம், மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் 1796ல் தோன்றிய ஷார் ஹராஹமிம் என்ற யூத ஜெபாலயத்தில் ஆரம்பம். கொங்கணத்து நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஜோடிகள் மட்டும் தப்பினார்கள், அவர்கள் வழி வந்தவர்களே பெனே இஸ்ரேல் எனும் இந்த ஊர் யூதர்கள் என்ற கதையைச் சொன்ன கைடு, அதற்குச் சமகால ஆவணம் கிடையாது என்று அவரே ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள் யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமை செக்கார்) என்று பெயர் வந்ததே, அதை வெறும் கதை என்று எப்படித் தள்ளுவது? எலியா தீர்க்கதரிசியை நினைத்து அவல், தேங்காய், பழம் வைக்கும் மலீதா சடங்கைப் பற்றிக் கேட்டதும் மச்சான், "நம்ம படையல்டா!" என்றான். கைடின் மைக் ஒரே கரகர. தண்ணீரும் தரவில்லை, பாட்டில் எடுத்துப் போங்கள்.