ஓடுபாதை முடிவில்: காலி நிலமா, நொறுங்கும் படுகையா?

"நம்ம மாவட்டத்துக்கும் ஒரு விமான நிலையம் வேணும்ணே" என்று நாகர்கோவில் டீக்கடையில் பேச்சு எழுந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: ஓடுபாதை முடிந்தபிறகு என்ன இருக்கும்? 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழையில் நிற்காமல் ஓடிய விமானம் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள்.

முதல் வழி, சமன்படுத்திய காலி நிலம். சர்வதேச விதி குறைந்தது 90 மீட்டர் கேட்கிறது. 240 மீட்டர் பரிந்துரை. பராமரிப்பு எளிது, புல் வெட்டினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் குளமும் வாழைத்தோட்டமும் வீடுமாக நெருக்கியடிக்கும் இங்கே இரு முனையிலும் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

இரண்டாவது, காற்றுக்குமிழி நிறைந்த கான்கிரீட் கட்டிகளைப் பரப்பிய படுகை. முட்டம் கடற்கரை மணலில் பைக்கை இறக்கினால் சக்கரம் புதைந்து நிற்குமே, அதே கதைதான்: கட்டி நொறுங்கும், சக்கரம் அமிழும், வேகம் சாகும். மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் வருவதையும் நிறுத்தும்படி வடிவமைக்கிறார்கள். இடம் மிச்சம், செலவு அதிகம், நொறுங்கியதை மாற்றவும் வேண்டும். சிக்கல் வேறிடத்தில்: சுமார் 11 டன்னுக்குக் குறைந்த விமானம் ஏறினால் கட்டி சரியாக நொறுங்காமல் போகலாம். பயிற்சி விமானம் மட்டும் வந்துபோகும் களத்துக்கு என் ஓட்டு புல்தரைக்கே. ஏ.டி.ஆர். போன்ற சிறிய பயணிகள் விமானம் இறங்குவதானால், இடமும் இல்லையென்றால், படுகை.