வாக்மேனுக்கு மாற்று கியர்: பழைய செட்டிலிருந்து பிடுங்குவதா, பிரிண்ட் போடுவதா, கடைசலா?

வாக்மேன் ஓடும்போது 'டக்... டக்...' என்று சீராக ஒரு சத்தம் வந்தால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. ரிச்சி தெருவில் அளவு பார்த்து ஒரு பெல்ட் வாங்கி மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது.

செட் 1986-இல் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, ஜப்பான் தயாரிப்பு. கம்பெனி பெயர் வேண்டாம். இத்தனை வருஷம் உழைத்த சாமானைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பின்மூடியைக் கழற்றி, இரண்டு ரீலுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை கியரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பல்லின் அடியிலிருந்து நடுத்துளை வரைக்கும் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இந்த வியாதி என் செட்டுக்கு மட்டுமானது இல்லை. 1982-இல் தொடங்கிய சோனியின் டபிள்யூ.எம்-டிடி வரிசையை ரிப்பேர் செய்கிறவர்கள் மூடியைத் திறந்ததும் முதலில் பார்ப்பதே நடு கியரைத்தான்.

காரணம் எளிது. கியர் பாலி அசிட்டால் பிளாஸ்டிக். நடுவில் ஒரு பித்தளைக் குழல் மேல் இறுக்கமாக அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். வருஷங்கள் போகப் போக பிளாஸ்டிக் சுருங்குகிறது; பித்தளை சுருங்காது. கடைசியில் எங்கே சதை குறைவோ, அதாவது இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், பிளந்துகொள்கிறது. பிளந்த இடத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி கொஞ்சம் கூடிவிடும். ஜோடி கியர் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு குதி. டேப்பைச் சுற்றி இழுக்கும் ரீல் அந்த நேரத்தில் தயங்கும், சுருதி நெளியும். சினிமாப் பாட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. நாதஸ்வரக் கேசட் போட்டால், கூடவே ஒரே சுருதியில் நிற்கும் ஒத்து காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மாற்று கியர் எங்கே கிடைக்கும்? கம்பெனி கவுண்டர் என்று ஒன்று இல்லை. 1979 ஜூலையில் 33,000 யென்னுக்கு முதல் வாக்மேனை விற்ற சோனியே 2010-இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் கதையை முடித்துக்கொண்டது. நமக்கு மிஞ்சுவது மூன்று வழி: இன்னொரு பழைய செட்டை வாங்கி அதிலிருந்து எடுப்பது, ரெசினில் (வெளிச்சம் பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) 3டி பிரிண்ட் போடுவது, பாலி அசிட்டால் கம்பியிலிருந்து புதிதாகக் கடைந்து பல் வெட்டிய கியரை வாங்குவது. மூன்றையும் செய்து பார்த்தேன். கடைசல் கியர் பக்கம்தான் என் சாய்வு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் நேரத்தை வீணாக்கும் இரண்டு வழிகளைத் தள்ளிவிடலாம். ஒன்று, சூப்பர் க்ளூ. பாலி அசிட்டால் மேல் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. அரைமணி ஓடினால் விட்டுவிடும், பக்கத்துப் பாகங்களில் வெள்ளைப் பூப்பு படிவதுதான் மிச்சம். இரண்டு, பொம்மைக் கார், ரோபோ வேலைக்கு விற்கும் கலவை கியர் பாக்கெட். அவை பெரும்பாலும் 0.5 மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் அளவு), இந்தச் சின்ன செட்டுக்குள் இருப்பது அதைவிடப் பொடி. பல்லோடு பல் சேரவே சேராது.

மாட்யூல் என்றால் பயந்துவிட வேண்டாம். வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வருவதால் வகுத்தால் போதும். என் கியரில் 38 பல். விட்டம் 12 மில்லிமீட்டர். 12-ஐ 40-ஆல் வகுத்தால் 0.3. ஆனால் பிளந்த கியரை அளந்தால் வெடிப்பு விரிந்திருப்பதால் விட்டம் கூடுதலாகக் காட்டும். எனக்கு முதலில் 12.15 வந்தது. அதை நம்பிவிடாமல் பக்கத்து கியரோடு சரிபார்த்தேன். அதில் 20 பல். 38-உம் 20-உம் சேர்ந்து 58, அதில் பாதி 29, 0.3-ஆல் பெருக்கினால் 8.7. இரண்டு அச்சுக்கும் இடையே வெர்னியர் வைத்தால் 8.7-தான் காட்டியது. அதன்பிறகுதான் நிம்மதி. பல்லை எண்ணும்போது ஒன்றின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்று தடவை எண்ணி மூன்று விடை வரும்.

சரி, பழைய செட். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 'ஓடாது' என்ற உறுதிமொழியோடு அதே மாடல் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் அதே கியரில் அதே மாதிரி வெடிப்பு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதே பிளாஸ்டிக், அதே வயது, அதே இறுக்கம். வெடிக்காத கியர் கிடைத்தாலும் அது இன்னும் வெடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு செட்டைக் கொன்று இன்னொன்றுக்குச் சில வருஷம் வாங்கித் தருவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்தச் செட் வீணாகவில்லை: ஹெட், கதவு, வால்யூம் திருகு எல்லாம் உருப்படியாகக் கிடைத்தன. கியருக்காக மட்டும் வாங்காதீர்கள் என்பதே என் பேச்சு.

ரெசின் பிரிண்டில் ஆசை அதிகம் இருந்தது. வேளச்சேரியில் ஒரு நண்பரிடம் மெஷின் இருக்கிறது. இழை உருக்கிப் போடும் சாதாரணப் பிரிண்டர் இதற்கு உதவாது. அதன் மூக்குத் துளையே 0.4 மில்லிமீட்டர், 0.3 மாட்யூலில் ஒரு பல்லின் தடிமனே 0.47தான். ரெசின் மெஷின் அந்தப் பொடிப் பல்லையும் அழகாக எடுத்துக்கொடுத்தது. ஒரே தட்டில் ஆறு போட்டோம். தட்டோடு ஒட்டியிருந்த பக்கம் பல் கொஞ்சம் உப்பியிருந்ததால் மூன்றை ஒதுக்கிவிட்டு, மீதியில் ஒன்றை மாட்டினேன். செலவு ஒரு மாலை நேரமும் இரண்டு காபியும். ஒத்து நேராக நின்றது. எனக்கு அப்போதே இந்தக் கட்டுரையை வேறு தலைப்பில் எழுதிவிடலாம் என்றிருந்தது.

நாலு மாசம் ஓடியது. பிறகு ஒரு நாள் ரிவைண்ட் பண்ணும்போது நறுக் என்றது. ஒரு பல் முனை உடைந்து, அந்தத் துணுக்கு பக்கத்து கியரின் பள்ளத்தில் சிக்கியிருந்தது. அதைக் குண்டூசியால் நெம்பி எடுக்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது: அந்த இரண்டாவது கியரும் போயிருந்தால் அதற்கு மாற்று எங்கே போய்த் தேடுவது? ரெசின் கடினமானது, ஆனால் வளையத் தெரியாது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் மொறுமொறுப்பாகும். நாங்கள் போட்டது சாதா ரெசின். வளைந்து கொடுக்கும் 'டஃப்' ரகத்தில் போட்டால் நிலைமை வேறாக இருக்கலாம், அதை நான் மாட்டி ஓட்டிப் பார்க்கவில்லை. அளவு சரியா என்று சோதிக்க ரெசினை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடைசல் கியருக்குப் பணம் கட்டும் முன் ஒரு ரெசின் கியரை மாட்டிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசல் கியர் ஐரோப்பாவில் வீட்டிலேயே சின்ன மெஷின் வைத்து இந்த வேலை செய்யும் ஒருவரிடமிருந்து வந்தது. முதலில் உள்ளூரில்தான் விசாரித்தேன். அம்பத்தூரில் கேட்ட இரண்டு பட்டறையிலும் 0.3-க்கு வெட்டுக்கருவி இல்லை. ஒரு கியருக்காகக் கருவி வாங்க முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நியாயம்தான். தபால் செலவு கியர் விலையைத் தாண்டியதால் மூன்றாக வாங்கினேன். பித்தளையிலும் கேட்டிருக்கலாம். பிளாஸ்டிக் ஜோடியோடு உலோகம் ஓடினால் இரைச்சல் கூடும் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். எல்லோரும் பல்லையே பார்க்கிறோம், ஆனால் கியரின் ஆயுள் இருப்பது நடுத்துளையில். பழைய கியர் செத்ததே துளை இறுக்கத்தால். புது கியரையும் அதே இறுக்கத்தில் பித்தளை மேல் ஏற்றினால் அதே வெடிப்பைத்தான் மறுபடி வரவழைக்கிறோம். எனக்கு வந்த கியரின் துளை பித்தளைக் குழலைவிட நூலளவு சின்னதாக இருந்தது. பழைய அளவை அப்படியே எடுத்திருப்பார் போல. கையால் அழுத்தினால் ஏறாது, வைஸில் வைத்தால் ஏறிவிடும். அந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும்.

நூறு ரூபாய் வெர்னியரால் துளையை அளந்து பிரயோஜனமில்லை. ட்ரில் பிட்களின் மழுங்கிய பின்பகுதியை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தேன்: 3.4 போனது, 3.5 போகவில்லை. குழல் 3.5. ஆயிரம் நம்பர் எமரித் தாளைப் பல்குச்சியில் சுற்றி உரசலாம் என்று தோன்றும். வேண்டாம். கையால் உரசினால் துளை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கியர் கோணலாகச் சுற்றும், டக் போய் சுருதியில் ஊஞ்சல் வரும். துளையைச் சீராக விரிக்கும் கருவியான ரீமர், 3.5 அளவில் ஒன்று வாங்கி, விரலால் மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு கால் சுற்றுக்கும் தூளை ஊதிவிட்டுப் பார்த்தேன். கியர் தன் எடையில் நழுவி இறங்காமல், விரல் அழுத்தத்துக்கு இறங்கும் நிலையில் நிறுத்திவிட வேண்டும். பித்தளையில் ஊசி முனையால் நாலு கீறல் போட்டு, மிகச் சின்னப் பொட்டாக எபாக்சி. பசை பிளாஸ்டிக்கில் ஒட்டாவிட்டாலும் கீறலில் இறுகி, சுழன்று வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. பழைய மஞ்சள் கிரீஸை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆகும் சிலிகான் கிரீஸ் கடுகளவு. அதற்கு மேல் வைத்தால் அது பெல்ட் பக்கம் போகும்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாலு கேசட் ஓடுகிறது, சத்தமில்லை. இது பெரிய சாட்சி இல்லை என்பதும் தெரியும். பழைய கியர் முப்பது வருஷத்துக்கு மேல் தாங்கியது, என்னுடையது இன்னும் பால்குடி மறக்கவில்லை. துளையில் இறுக்கம் இல்லாததால் வெடிக்க முகாந்திரமில்லை என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பெரிய டூ-இன்-ஒன் வைத்திருப்பவர்கள் இத்தனை பாடு பட வேண்டாம். பல செட்களுக்கு முழு டேப் மெக்கானிசமே மாற்றாகக் கிடைக்கிறது. ஸ்க்ரூ துளை ஒத்துப்போனால் கியரைப் பற்றிப் பேச்சே இல்லை. வாக்மேன் அளவுச் செட்டுக்குத்தான் அந்த வசதி கிடையாது.

மீதி இரண்டு கியர் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. நண்பர் ஒருவரிடம் இதே மாடல் இருக்கிறது, இன்னும் டக் சத்தம் வரவில்லை. வெடிப்பதற்கு முன்பே பழைய கியரைக் கழற்றித் துளையை மட்டும் தளர்த்திவிட்டால் ஒரிஜினலே பிழைத்துக்கொள்ளும் என்பது என் யோசனை. அதைக் கழற்றும்போதே உடைந்தால் யார் பொறுப்பு என்பது அவருடைய கேள்வி. அந்த டப்பாவை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.