சாட் செயலிக்கு எந்த சர்வர்? ஈஜாபர்டி, ப்ரோசடி, சினாப்ஸ்

சாட் செயலி கட்டப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை லட்சம் பேரைத் தாங்கும்?" என்றுதான். செய்தி தொலையாமல் போய்ச் சேருமா என்பதுதான் என் முதல் கேள்வி.

போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. பழைய இணைப்பு செத்துவிட்டது, ஆனால் சர்வருக்கு அது உடனே தெரியாது. அந்த இடைவெளியில் வரும் செய்தியைச் செத்த இணைப்பிலேயே தள்ளிவிட்டு, அனுப்பியாயிற்று என்று இருந்துவிடும். செய்தி பரிமாறுவதற்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் இதற்கு மருந்து எக்ஸ்ஈபி-0198 என்ற நீட்டிப்பு. வந்து சேர்ந்தவற்றை இரு பக்கமும் எண்ணிச் சொல்லிக்கொள்ளும், விடுபட்டது மறுபடி போகும். இந்த நெறிமுறையில் ஓடும் ஈஜாபர்டி, ப்ரோசடி சர்வர்கள் இரண்டிலும் இது உண்டு. ப்ரோசடியில் 2022இல் வந்த 0.12 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. செயலியில் நீங்கள் சேர்க்கும் லைப்ரரிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் எதில் வேறுபாடு? ப்ரோசடி லுவா என்ற நிரல்மொழியில் எழுதியது. மெமரி கொஞ்சம்தான் கேட்கும், கான்ஃபிக் ஃபைலை ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் பல மெஷின்களைச் சேர்த்து ஒரே சர்வராக ஓட்டும் வசதி அதில் இல்லை. எர்லாங்கில் எழுதிய ஈஜாபர்டிக்கு அது கூடப்பிறந்தது. வாட்ஸ்அப் தொடங்கியதும் ஈஜாபர்டியை வைத்துத்தான். ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது: பழைய செய்திகளைச் சேமிக்கும் மாட்யூலை இயல்பான நீசியா தரவுத்தளத்திலேயே விட்டால், 2 ஜிபி வரம்பில் முட்டிக்கொள்ளும். முதல் நாளே போஸ்ட்கிரஸ் போன்ற எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சினாப்ஸ் வேறு குடும்பம், மேட்ரிக்ஸ் நெறிமுறை. ஓர் அறையில் வெவ்வேறு சர்வர்க்காரர்கள் இருந்தால் அறையின் வரலாறு அந்தந்த சர்வரிலும் பதிவாகும். பல நிறுவனங்கள் சேர்ந்து பேச அருமையான ஏற்பாடு. அதற்கான விலை, வீங்கிக்கொண்டே போகும் தரவுத்தளம். உங்கள் செயலிக்குள் மட்டுமே அரட்டை என்றால் இந்தச் சுமை வேண்டாம். 2023இல் உரிமமும் தாராளமான அப்பாச்சியிலிருந்து, மாற்றிய கோடைச் சேவையாக ஓட்டினால் அதைப் பயனர்களுக்குத் தரச் சொல்லும் ஏஜிபிஎல்லுக்கு மாறியது. கோடில் கைவைக்கும் எண்ணமிருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

சிறிய குழுவுக்கு நான் ப்ரோசடியைச் சொல்வேன், வளரப்போகும் செயலிக்கு ஈஜாபர்டியை. எதை எடுத்தாலும் ஒன்று செய்து பாருங்கள்: 1 முதல் 50 வரை எண்களைச் செய்திகளாக அனுப்பிக்கொண்டே, வாங்கும் போனில் வைஃபையை நான்கைந்து தடவை அணைத்துப் போடுங்கள். கடைசியில் எண்ணுங்கள்.